மலிவு விலையில் விமானம்

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது பட்டம் பறக்காதா என்ற தெம்பில் கடைக்குக் கிளம்புகிறார் ஸ்ரீரங்கத்து அப்பா. அவர் வாங்கப்போவது, சட்டப்படி, விமானம். 1934ஆம் ஆண்டு விமானச் சட்டம் பலூன், கிளைடர் வரிசையில் பட்டத்தையும் சேர்த்திருந்தது. திருச்சி விமான நிலையத்தின் புது முனையம் வரை போக வேண்டியதில்லை.

பையன் பார்ப்பது டிராகன் படம். அப்பா பார்ப்பது விலை. இருவரும் பார்க்காதது வால். புதுக் கைக்கு அதுதான் முக்கியம்: வாலில்லாத சின்னப் பட்டம் குட்டிக்கரணம் போடும், நீள வால் கட்டினால் நிதானப்படும். நடுக்குச்சியை விரல்மேல் நிறுத்தி, இரு பக்கமும் சமமா என்றும் பார்க்க வேண்டும். (கடைக்காரர் முறைப்பார். பரவாயில்லை.)

நூல் சாதாரணப் பருத்தி நூல் போதும். நைலான் மாஞ்சாவை 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. பறவையின் சிறகையும் பைக்கில் போகிறவர் கழுத்தையும் அது ஒன்றாகவே அறுக்கிறது.

ஓடுதளம்? தண்ணீர் வராத நாளில் கொள்ளிடம் மணல். அப்பாவோ மொட்டை மாடிதான் வசதி என்பார். 236 அடி ராஜகோபுரத்தைக் குறிவைத்த விமானம் எதிர்வீட்டு மின்கம்பியில் தரையிறங்கும். உடனே அவர் துறட்டியைத் தேடுவார். அதைப் பிடுங்கி வைப்பது அம்மாவின் வேலை.