இடது காலுக்கு வேலை போச்சு

வா சாமி, வா. மூஞ்சி ஏன் கழுவாத கேரட்டாட்டம் கிடக்குது? லவ்டேல் ஏத்தத்துல எஞ்சின் ஊளையிடுது, வண்டி மட்டும் நின்ன இடத்துலேயே நிக்குது, அதானே? பட்டறையில என்ன சொன்னாங்க? "கியர்பெட்டியே போச்சு, முழுசா இறக்கணும்." வேற என்ன சொல்லுவாங்க? பல்லு வலின்னு போனா தாடையைக் கழட்டணும்னு சொல்ற காலம். நீயும் தலையாட்டிட்டு வந்திருப்பே. பிக்கப் வாங்கிட்டு, மூட்டை ஏத்தினா கீறல் விழும்னு பின்னால ஜமக்காளம் விரிச்ச ஆளாச்சே.

வாங்கின அன்னிக்கு என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா? "தாத்தா, இதுல கிளட்ச் கிடையாது, கியர் தானா மாறும்." நாப்பது வருஷம் எஸ்டேட் லாரியில கிளட்ச் மிதிச்சு எனக்கு இடது முழங்கால் தேஞ்சு போச்சு. உன் இடது கால் பொறந்த வீட்டுக்கு வந்த பொண்ணாட்டம் மடக்கி உட்கார்ந்திருக்குது. அதுல எனக்குப் பொறாமை இல்லை. கொஞ்சம்தான் இருக்கு.

ஆனா கியர் தானா மாறும்னு சொன்னவன், எதைப் பார்த்து மாறும்னு சொன்னானா? அதுக்குக் கண்ணு கிடையாது, கண்ணு. உன் கால் எவ்வளவு அமுக்குது, வண்டி என்ன வேகம், எண்ணெய் எவ்வளவு சூடு, இந்த மாதிரி சங்கதிதான் அதுக்குத் தெரியும். வளைவுக்கு அந்தப் பக்கம் மேடா, பஸ் வருதா, காட்டுமாடு நிக்குதா, ஒண்ணும் தெரியாது. மேடு வந்து நெஞ்சுல இடிச்ச பிறகுதான் கியரைக் குறைக்கும்.

நம்ம ரயிலைப் பாரு. வெள்ளைக்காரன் 1899-ல குன்னூர் வரைக்கும் கொண்டாந்தான். கல்லாறுக்கு மேல பன்னெண்டு அடி போனா ஒரு அடி ஏத்தம். வெறும் தண்டவாளத்துல சக்கரம் பிடிக்காதுன்னு நடுவுல பல்லுத் தண்டவாளம் போட்டான். குன்னூருக்கு மேல ஏத்தம் குறைஞ்சதும் பல்லை நிறுத்திட்டான். 1908 செப்டம்பர்ல நம்ம பெர்ன்ஹில், அடுத்த மாசம் ஊட்டி. எங்கே பல்லு வேணும், எங்கே வேண்டாம்னு மலையை அளந்துட்டுத்தான் வேலையில இறங்கினான். நீ 'டி'யில தள்ளிட்டுப் பாட்டு கேட்கிறே.

உள்ளே என்ன இருக்குன்னு பட்டறைக்காரன் சொன்னானா? சொல்லியிருக்க மாட்டான், சொன்னா நீ பேரம் பேசுவே. ரெண்டு ஃபேனை எதிரெதிரா வை. ஒண்ணைப் போட்டா அந்தக் காத்துல இன்னொண்ணும் சுத்துமில்ல? அதே வித்தைதான், காத்துக்குப் பதிலா எண்ணெய். டார்க் கன்வெர்ட்டர்னு பேரு. ஃபொட்டிங்கர்னு ஒரு ஜெர்மன்காரன் 1905-ல காப்புரிமை வாங்கினான், கப்பலுக்காக. கடல்ல மேடு ஏது, கொண்டை ஊசி ஏது? அப்புறம் அமெரிக்காக்காரன் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல்ல தானா மாறுற கியரை வச்சு வித்தான். இப்ப அது பெர்ன்ஹில்ல உன்கிட்ட வந்து மாட்டிக்கிட்டு முழிக்குது. என்ன முறைக்கிறே? நானும் நாலு எழுத்து படிச்சவன்தான்.

போன வாரம் ஒரு குறை சொன்னே: ஏத்தத்துல மூணு, நாலு, மறுபடி மூணுன்னு மாறிக்கிட்டே இருக்குதுன்னு. அது கோளாறு இல்லடா. வெயிலா மழையான்னு ஊட்டி வானத்துக்கே முடிவெடுக்கத் தெரியலை, இரும்புப் பெட்டிக்கு எப்படித் தெரியும்? லீவரை 'எம்' பக்கம் தள்ளி ரெண்டாவதுல பிடிச்சுக்க, அடங்கிடும். மே மாசம் மலர்க்காட்சிக் கூட்டத்துல, மேட்டுல நின்னபடி ஆக்சிலேட்டராலேயே வண்டியைப் பிடிச்சு வச்சிருந்தே பாரு, அப்ப அந்த எண்ணெய் வடை சுட்டிருக்கும். நிக்கணும்னா பிரேக்கை மிதி. அதுக்குத்தானே உனக்கு ரெண்டு கால், ஒண்ணு சும்மாதானே இருக்கு? ஐயோ, இடது காலால மிதிச்சுத் தொலைக்காதே, பேச்சுக்குச் சொன்னேன். ரெண்டு மிதிக்கும் வலது கால்தான்.

இறக்கம் இன்னும் மோசம். தலைகுந்தாவுல வெளியூர் வண்டியைக் கல்லட்டிப் பக்கம் இறங்க விட மாட்டாங்க. முப்பத்தாறு கொண்டை ஊசி. உன்னுது டிஎன் 43, விட்டுட்டாங்க. நம்பர் பிளேட்டு உள்ளூர், ஓட்டின லட்சணம் வெளியூர். 'டி'யிலேயே உருட்டிக்கிட்டு பிரேக்கை மிதிச்ச மிதியில மசினகுடி வரைக்கும் கருகின வாசம் அடிச்சுதாமே! எந்த கியர்ல ஏறுவியோ அதே கியர்ல இறங்கு. இது கிளட்ச் இருந்த காலத்துச் சட்டம், உன் வண்டிக்கும் ரத்தாகலை.

அப்புறம் அந்த 'டொங்' சத்தம். 'பி'யில இருந்து எடுத்தா டொங்குன்னு இடிக்குது, உள்ளே ஏதோ உடைஞ்சு போச்சுன்னு ராத்திரி எல்லாம் தூங்கலையாமே. நம்ம வாசல் சரிவுல 'பி'யில போட்டுட்டு, ஹேண்ட் பிரேக் போடாம இறங்கி வர்றே. அத்தனை டன் வண்டியையும் உள்ளே ஒரு சின்ன இரும்பு நாக்கு ராத்திரி முழுக்கத் தாங்கி நிக்குது. காலையில இழுத்தா 'ஐயோ'ன்னு கத்தாதா? கால் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே நியூட்ரல், ஹேண்ட் பிரேக், அப்புறம் காலை லேசா எடுத்து வண்டி ஹேண்ட் பிரேக்ல உட்கார்ந்ததும் 'பி'. இந்த வரிசைதான்.

தை மாசம் உறைபனி விழுந்த அன்னிக்கு பாட்டரி படுத்துச்சே, தெருவே சேர்ந்து உன் வண்டியை ஸ்டேஷன் வரைக்கும் தள்ளுச்சே! நான் திண்ணையில டீ குடிச்சுக்கிட்டே பார்த்தேன். எஞ்சின் சுத்தினாத்தான் பம்பு சுத்தும். பம்பு சுத்தினாத்தான் எண்ணெய்க்கு அழுத்தம் வரும். அழுத்தம் இல்லாம உள்ளே பிளேட்டு பிடிக்காது. நீங்க மைசூர் வரைக்கும் தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. ஏன் சொல்லலைன்னா? அத்தனை பேரும் ஆசையாத் தள்ளுனீங்க, நான் ஏன் கெடுக்கணும்? ஆனா இதைக் கேட்டுக்க: பாட்டரியில வோல்ட் குறைஞ்சாலே கியரை மாத்துற கம்ப்யூட்டருக்குப் புத்தி பேதலிக்கும், கியர் கன்னாபின்னான்னு மாறும். பெட்டியைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி பாட்டரி முனையைத் துடை, எர்த் வயரைப் பாரு, ஸ்கேனரை மாட்டி என்ன கோடு வருதுன்னு படிக்கச் சொல்லு. அதெல்லாம் உன் பட்டறைக்காரன் பார்த்தானா? பார்க்கலையா? நல்லது, தொழில் தெரிஞ்சவன்.

கடைசியா எண்ணெய். சமதரையில நிறுத்தி, எஞ்சின் சூடா ஓடுறப்ப பார்க்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கும். பெர்ன்ஹில்ல சமதரைக்கு எங்கே போவே? இந்த ஊர்ல உருட்டிவிட்ட உருளைக்கிழங்கு குன்னூர்லதான் நிக்கும். ரேஸ்கோர்ஸ் பக்கம்தான் போகணும். உன் வண்டியில அளவுகோலும் கிடையாது, அடியில ஒரு திருகாணிதான், அதை மெக்கானிக்குக்கு விட்டுடு. சிவப்பா இருந்தா நல்லது. பழுப்பாகி, கருகின நாத்தம் வந்தா உள்ளே பிளேட்டு எரிஞ்சிருக்கு. ரோஸ்மில்க்காட்டம் கலங்கியிருந்தா தண்ணி கலந்திருக்கு. அந்தப் பெட்டிக்குன்னு சொன்ன எண்ணெயைத்தான் ஊத்தணும், கடைக்காரன் கையில அகப்பட்டதை இல்ல. திருகாணியைக் கழட்டினா எல்லாம் வடியும்னு நினைக்காதே, கன்வெர்ட்டருக்குள்ள நிறைய தங்கிடும்.

சரி, உன் வண்டி சமதரையில ஒழுங்கா ஓடுது, ஏத்தத்துல மட்டும் வழுக்குது. ஏன்? எண்ணெய் குறைஞ்சிருந்தா, மூக்கைத் தூக்கி ஏறுறப்ப இருக்கிற கொஞ்சமும் பின்னால சாஞ்சுடும். பம்பு எண்ணெய்க்குப் பதிலாக் காத்தை உறிஞ்சும். எப்படிக் குறைஞ்சுதுன்னு கேட்கிறியா? எழுந்து வா. நீ வண்டி நிறுத்துற இடத்துல, துவைக்கிற கல்லு ஓரமா, சிவப்பாச் சொட்டுச் சொட்டாத் தெரியுதா?

ரெண்டு வாரமா உங்க அப்பத்தா அதைப் பார்த்துட்டு, நான்தான் வெத்தலை துப்பினேன்னு சாமியாடிக்கிட்டு இருக்கா. மூணு தரம் பினாயில் ஊத்தி என்னைத் தேய்க்க விட்டா. நேத்துதான் விரல்ல தொட்டுப் பார்த்தேன். வழுக்குது. முகர்ந்து பார்த்தேன், சுண்ணாம்பு வாசம் இல்லை. குனிஞ்சு பார்த்தா கியர் எண்ணெயை ஆறவைக்கிற கூலருக்குப் போற ஹோஸ்ல கிளிப்பு தளர்ந்து தொங்குது. நேத்தே ஏன் சொல்லலைன்னு கேட்காதே. நேத்து நீ என்கிட்ட கேட்கலையே?

கிளிப்பை மாத்தி, எண்ணெயைச் சரியான அளவுக்கு ஊத்தி, பார்த்து ஓட்டு. ஒழுக்கு நின்னும் வழுக்கினா அப்ப பட்டறைக்குப் போ. அதுக்கு முன்னாடி உள்ளே போய் உங்க அப்பத்தாகிட்ட அது யாரோட எச்சில்னு சொல்லு. வர்றப்ப, அரிசி டப்பாவுக்குள்ள அவ ஒளிச்சு வச்சிருக்கிற என் வெத்தலைப் பொட்டியை எடுத்துட்டு வா.