டிரேட்மார்க் எடுக்காமல் காலம் தள்ளுவது எப்படி?

வீட்டில் அரைத்த இட்லிப் பொடி அக்கம்பக்கத்தைத் தாண்டி, பஸ்ஸேறி, பக்கத்து ஊர் டிபார்ட்மென்ட் ஸ்டோர் வரை போய்விட்டதா? இனி பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "பேரை ரிஜிஸ்டர் பண்ணிட்டீங்களா?" இதற்குப் பிடி கொடுக்காமல் பல வருஷம் ஓட்ட முடியும். பலர் ஓட்டியிருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துத் தொகுத்த வழிமுறைகள் இவை.

முதலில் செலவைக் காரணம் காட்டுங்கள். தனிநபரோ சிறுதொழில் செய்பவரோ ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு (அதாவது ஒரு வகைச் சரக்குக்கு) அரசுக் கட்டணம் 4,500 ரூபாய்தான் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். திறப்பு விழாவுக்குக் கட்டிய வாழைமரமும் சீரியல் செட்டும் செலவில் சேராது. பெயரில் ஓர் 'ஏ' கூட்டச் சொன்ன நியூமராலஜிக்காரருக்கு வைத்த தட்சிணையும் சேராது. அது முதலீடு.

அடுத்து, கைவசம் உள்ள சர்டிபிகேட்டுகளை ஃபிரேம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். ஜி.எஸ்.டி., உத்யம், உணவுப் பாதுகாப்பு உரிமம். இத்தனை இருக்கும்போது பேர் என்னுடையது இல்லாமல் வேறு யாருடையதாம் என்று கேளுங்கள். ஜி.எஸ்.டி. எண் வரி கட்டுவதற்கு, 14 இலக்க உணவு எண் சோதனைக்கு வரும் அதிகாரிக்கு. இரண்டுமே பெயரை உங்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. இதை எடுத்துச் சொல்கிற ஆடிட்டர் வாய்த்திருந்தால் ஆடிட்டரை மாற்றுங்கள்.

உண்மையான திறமை பெயர் வைப்பதில்தான் இருக்கிறது. எந்த ஆபீசும் பதிவு செய்யத் தயங்குகிற பெயராக வைத்துவிட்டால் முடிவெடுக்கும் தொல்லையே இல்லை. 'ருசியான இட்லிப் பொடி', 'சுத்தமான மசாலா', 'நம்பர் ஒன் ஊறுகாய்' எல்லாம் உத்தமம். சரக்கை வர்ணிக்கிற, புகழ்கிற சொல்லை ஒருவருக்கே பட்டா போட்டுக் கொடுக்க 1999-ம் வருஷ டிரேட்மார்க் சட்டத்தின் 9-வது பிரிவு லேசில் விடாது. பெரிய கம்பெனிகளே இதில் முட்டிக்கொண்டிருக்கின்றன. நூடுல்ஸ் பாக்கெட்டில் 'மேஜிக் மசாலா' என்று போட்ட ஐ.டி.சி., 'மேஜிக்கல் மசாலா' என்று போட்ட நெஸ்லேமீது மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போனது. 'மேஜிக்' என்பது சரக்கைப் புகழும் பொதுச்சொல், அதை யாரும் தனி உடைமை ஆக்கிக்கொள்ள முடியாது என்று 2020-ல் தீர்ப்பு வந்தது. அவ்வளவு வக்கீல்கள் வாதாடியும் கிடைக்காத சொல் உங்களுக்குக் கிடைக்குமா என்ன?

ஊர்ப் பெயரும் நல்ல யோசனை. ஆனால் கோவில்பட்டி கடலைமிட்டாயும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் புவிசார் குறியீடு வாங்கியவை. அங்கே பெயர் ஊராருக்குப் பொது.

வாடிக்கையாளர் உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் கவனித்துவிடாதீர்கள். திண்டுக்கல்லில் 1957-ல் திறந்த பிரியாணிக் கடையின் போர்டில் இருந்த பெயர் ஆனந்த விலாஸ். தமிழ்நாட்டில் ஆனந்த விலாஸ்கள் எத்தனை என்று கணக்கெடுக்க முடியாது. முதலாளி நாகசாமி நாயுடு தலையில் கட்டியிருந்த தலைப்பாக்கட்டைச் சொல்லித்தான் ஜனங்கள் கடையை அடையாளம் காட்டினார்கள். பிற்பாடு கோர்ட்டு வரை வழக்குப் போனதும் அந்தத் தலைப்பாக்கட்டுப் பெயருக்காகத்தான். உங்கள் பொடியை ஊரே 'ரெட்டைத் திண்ணை வீட்டுப் பொடி' என்று சொல்லிக்கொண்டிருக்கும். நீங்கள் போர்டில் 'ஸ்ரீ முருகன் ஃபுட் புராடக்ட்ஸ்' என்றே போடுங்கள்.

இனி லேபிள். டிசைன் போடுகிற தம்பி ஸ்கிரீனில் பெயரை இழுத்து நடுவில் வைத்துவிட்டு, வலது மூலையில் கொஞ்சம் இடம் காலியாக இருப்பதைப் பார்ப்பார். "அண்ணாச்சி, 'ஆர்' போட்ருவோமா? ரிச்சா இருக்கும்." சரி என்று தலையாட்டுங்கள். வட்டத்துக்குள் 'ஆர்' என்பது பதிவான பெயருக்கு மட்டும்; பதிவாகாததற்குப் போடுவது சட்டப்படி குற்றம். 'டி.எம்.' என்று போட்டுக்கொள்ள யாரும் தடை சொல்லவில்லை. ஆனால் அது ரிச்சாக இருக்காது அல்லவா? பத்தாயிரம் லேபிள் அடித்து வந்த பிறகு சட்டம் தெரிந்தால், கறுப்பு மார்க்கரால் அழிக்கும் வேலையை விடுமுறைக்கு வந்திருக்கும் பிள்ளைகளிடம் கொடுக்கலாம்.

பில் விஷயத்தில் கைதேர்ந்தவர்களுக்குத் தனிப் பாராட்டு. நம் சட்டத்தில், பதிவு செய்யாவிட்டாலும் முதலில் பெயரைப் பயன்படுத்தியவருக்கு உரிமை உண்டு. நம் பெயரைச் சொல்லி இன்னொருவன் தன் சரக்கை விற்றால் தடுக்கச் சொல்லி வழக்குப் போடலாம். ஆனால் எந்த வருஷத்திலிருந்து, எங்கே, எவ்வளவு விற்றீர்கள் என்று பில்லும் விளம்பரமுமாகக் காட்ட வேண்டும். இத்தனை வருஷம் 'எஸ்டிமேட்' என்று தலைப்புப் போட்ட துண்டுச் சீட்டில் வியாபாரம் செய்தவர் நீதிபதியிடம் எதைக் காட்டுவார்? வரி அதிகாரிக்கு இல்லாத விற்பனை, கோர்ட்டுக்கும் இல்லாத விற்பனைதான். விண்ணப்பத்தில் 'இத்தனாம் வருஷம் முதல் உபயோகத்தில் உள்ளது' என்று போட்டாலும் பிரமாணப் பத்திரத்தோடு இதே ஆதாரம்தான் கேட்பார்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தெருமுனை டீக்கடைக்கும் பத்து பேர் சாப்பிடும் மெஸ்ஸுக்கும் டிரேட்மார்க் வேண்டாம் என்பது என் கட்சி. அங்கே மாஸ்டர்தான் முத்திரை. 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை' என்ற போர்டே போதும். விவகாரம் பாக்கெட்டில்தான். அது நீங்கள் இல்லாத ஊரில், உங்கள் முகம் தெரியாதவர் கையில் விலைபோகிறது. அதன்மேல் இருக்கும் பெயரைத் தவிர உங்களுக்கு அங்கே வேறு சாட்சி கிடையாது.

இவ்வளவு சொல்லியும் விண்ணப்பித்தே தீருவேன் என்றால், மொத்தம் 45 வகுப்புகள் இருக்கின்றன. பொடியும் மசாலாவும் 30-ல், ஊறுகாய் 29-ல், ஹோட்டல் 43-ல். எல்லாவற்றிலும் ஒன்று போட்டு வைத்தால் பாதுகாப்பு என்று மைத்துனர் சொல்வார். 45 முறை 4,500, அதாவது 2,02,500 ரூபாய். பதிவான பிறகு ஐந்து வருஷத்துக்கு மேல் பயன்படுத்தாமல் போட்டு வைத்தால் யாரும் மனுப் போட்டு நீக்கச் சொல்லலாம் என்பதை மைத்துனர் சொல்ல மாட்டார். பதிவாளர் அலுவலக வெப்சைட்டில் இலவசமாகத் தேடிப் பார்த்துவிட்டு விண்ணப்பிப்பது கோழைகள் வேலை. ஒலியில் ஒத்த பெயரும் இடிக்கும் என்பது தெரிந்துவிட்டால் விறுவிறுப்பே போய்விடும்.

சில மாதத்தில் ஸ்டேட்டஸ் 'அப்ஜெக்டட்' என்று மாறும். உடனே எல்லாம் போச்சு என்று படுத்துவிடுங்கள். 30 நாளுக்குள் பதில் எழுதச் சொல்லும் ஆய்வறிக்கைதான் அது. பதில் எழுதாதவருக்கு மட்டும் நிஜமாகவே போய்விடும். தப்பித்து வந்தால் டிரேட்மார்க் ஜர்னலில் வெளியாகும். அதிலிருந்து நான்கு மாதம் யாரும் எதிர்க்கலாம்.

யார் பெயரில் போடுவது என்பதற்கு நான் யோசனை சொல்வதாக இல்லை. அண்ணன் பெயரில் போட்டால் தம்பி முறைப்பார். மாமனார் பணம் போட்டிருந்தால் அவர் பெயரில் போடச் சொல்வார்கள். பாகப்பிரிவினையில் வயலையும் வீட்டையும் அளந்து பிரித்துவிடலாம். பெயருக்கு அளவுச் சங்கிலி கிடையாது. கூட்டுத் தொழில் என்றால், பிரிந்தால் பெயர் யாருக்கு என்று பத்திரத்தில் எழுதிவிடுங்கள் என்று வக்கீல் சொல்வார். நல்ல காரியம் நடக்கும்போது பிரிவைப் பற்றிப் பேசலாமா என்று பெரியம்மா கேட்பார். எழுத மாட்டீர்கள்.

கடைசியாக, விண்ணப்பத்தில் ஈமெயில் கேட்பார்கள். அந்த லேபிள் தம்பியின் ஈமெயிலையே கொடுத்துவிடுங்கள். பதிவு பத்து வருஷம் செல்லும்; புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு அவருக்குப் போகும். அதற்குள் அவர் துபாயில் இருப்பார்.