ஐந்து படிக்கு முப்பது அடி

எங்கள் ஊர் நகராட்சி அலுவலகத்து வாசலில் ஐந்து படிகள் இருந்தன. கண்ணால் பார்த்ததைவிட முதுகால் அறிந்த படிகள் அவை. பேருந்து நிலையத்துக் கடை அக்காவின் பேரில் இருந்ததால் வாடகைச் சீட்டில் அவளேதான் கையெழுத்துப் போட வேண்டும். மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு, காலிப்பர் மாட்டிய இரண்டு கால்களும் என் இடுப்பின் இருபுறமும் இடிக்க இடிக்க, 1987இல் தொடங்கி ஏறக்குறைய பத்து வருஷம் நான் ஏறிய படிகள். மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிப்போன அவள், கைச்சக்கரம் வைத்த தையல் மெஷினில் ஊரில் பாதிப்பேருக்கு ரவிக்கை தைத்தவள். கழுத்தில் இஞ்ச் டேப் மாலைபோலத் தொங்கும். நான் ஏறும்போது அதன் பித்தளை நுனி என் காதில் உரசிக்கொண்டே வரும்.

அந்தப் படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் கேட்டு முதல் மனுவை எழுதினோம். எழுதினோம் என்றால், வேப்பமரத்தடியில் மடக்கு மேஜை போட்டு உட்கார்ந்திருந்த மனு எழுதும் பெரியவர் சொல்லச் சொல்ல, என் கையெழுத்து நன்றாயிருக்கும் என்று அவரே பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டார். 'சமூகம் அவர்களுக்கு' என்று தொடங்கி, 'பொருள்' என்று ஒரு வரி, 'மேற்படி' என்ற சொல் ஏழெட்டு இடத்தில், கடைசியில் 'தாங்கள் கருணைகூர்ந்து' என்று வளைந்து முடியும் அந்த மனு, இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். எழுதி முடித்ததும் பெரியவர் அதை உரக்கப் படிப்பார். பட்டா மாற்றத்துக்கும் சாதிச் சான்றிதழுக்கும் வந்த ஜனம் சுற்றிலும் நின்று கேட்கும். 'முதியோரும் கர்ப்பிணிகளும் அவதிப்படுகிறார்கள்னு ஒரு வரி சேருங்க ஐயா' என்று மூட்டுவலிக்காரக் கிழவி ஒருத்தி சொன்னதும், அந்த வரி சேர்ந்ததும், அதற்காகப் பெரியவர் கூடுதல் காசு வாங்க மறுத்ததும் அந்த மரத்தடியில்தான். மனு என்பது அன்றைக்கு ஊரே கூடிச் செய்த பண்டம். உள்ளே தபால் பிரிவில் வட்ட முத்திரை 'டப்' என்று விழும்போது பாதி வேலை முடிந்துவிட்டது என்று எனக்கு அத்தனை நம்பிக்கை.

பதில்களும் வந்தன. பழுப்பு உறையில், ந.க. எண் போட்டு, 'பார்வையில் காணும் தங்கள் மனு நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்' என்று. அக்கா அவற்றைக் கொக்கியும் பொத்தானும் போட்டுவைக்கும் பிஸ்கட் டப்பாவின் அடியில் மடித்து வைப்பாள். 1995இல் ஊனமுற்றோருக்கென்று நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்ததைப் பத்திரிகையில் படித்துவிட்டு நான் கடைக்கு ஓடினேன். பொதுக் கட்டடங்களில் சாய்தளம் அமைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது என்றேன். முழு வாசகத்தைப் பல வருஷம் கழித்துத்தான் பார்த்தோம். அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் தங்கள் பொருளாதாரச் சக்திக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு அமைத்துத் தர வேண்டும் என்று இருந்தது. எங்கள் டப்பாவில் கிடந்த 'நிதிநிலைக்கேற்ப' சட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

இடையில் பெயர் மாறியது. கருணாநிதி முதல்வராக இருந்தபோது 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்தது. அக்காவுக்கு அது பிடித்திருந்தது. தெருவில் அவளை அழைத்த மற்ற பெயர்களைக் கேட்டிருந்தவர்களுக்குத்தான் அந்த ஒரு சொல்லின் அருமை தெரியும்.

அவளைத் தூக்கித் திரிந்த அந்தக் காலத்தை நான் வெகுகாலம் இனிப்பாகவே நினைத்துவந்தேன். நான் இளைத்துப்போய் நின்றால் வரிசையிலிருந்து யாராவது ஓடிவந்து தோள் கொடுப்பார்கள். டபேதார் நாற்காலி இழுத்துப் போடுவார். இறங்கி வரும்போது எதிர்க் கடையில் டீக்காரர் இரண்டு கிளாஸை மேஜையில் வைத்திருப்பார். இன்று அதே தெருவில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லையே என்று ஒருநாள் அவளிடமே சொல்லி ஆதங்கப்பட்டேன். காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் ஊசியை நிறுத்தினாள். 'உனக்குத் தூக்கின ஞாபகம்டா. எனக்குத் தூக்கப்பட்ட ஞாபகம். ஒவ்வொரு மாசமும் நாலாந்தேதி ராத்திரி எனக்குத் தூக்கமே வராது, தெரியுமா? யார் கை எங்க படும்னு நெனச்சிக்கிட்டே கெடப்பேன்.' இருபத்தைந்து வருஷமாக அவள் இதை எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அந்த டீயின் ருசி அதற்குப் பிறகு என் நினைவில் பழையபடி இல்லை.

2016இல் புதுச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2017 ஜூன் 15 அன்று வெளியாயின. இருக்கிற பொதுக் கட்டடங்கள் எல்லாம் விதி வெளியான ஐந்து வருஷத்துக்குள் எல்லோரும் ஏறிப் போகும்படி மாற வேண்டும் என்றது சட்டம்; புதுக் கட்டடம் விதிப்படி இல்லாவிட்டால் நிறைவுச் சான்றிதழே தரக் கூடாது என்றது; முதல் தடவை மீறினால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்றும் சொன்னது. இந்தத் தடவை நான் ஓடவில்லை. அக்காவே பேரனின் கைபேசியில் படித்துத் தெரிந்துகொண்டாள். காலிப்பரைக் கழற்றிவிட்டுச் சக்கர நாற்காலிக்கு மாறியிருந்தாள். கெடு முடிகிற 2022 கோடையில் எங்கள் நகராட்சி வாசலிலும் ஒரு சாய்தளம் எழுந்தது. எட்டடி நீளம், பளபளவென்று தேய்த்த சிமென்ட், ஒரு பக்கமும் கைப்பிடி இல்லை. நான் பின்னாலிருந்து தள்ள, பாதியில் என் செருப்பு வழுக்க, நாற்காலி என் நெஞ்சின்மேல் சாய்ந்து நின்றது. பழைய முதுகுச் சுமையே பரவாயில்லை என்று எனக்குத் தோன்றிய அந்தக் கணத்தில், அவள் கழுத்திலிருந்து டேப்பை உருவிவிட்டாள்.

ரவிக்கைக்கு அளவெடுக்கிறவள் படிக்கு அளவெடுத்தாள். படி ஒன்றுக்கு ஆறங்குலம். ஐந்து படிக்கு முப்பது அங்குலம். ஓரங்குலம் உயரப் பன்னிரண்டு அங்குலம் ஓட வேண்டும் என்பது சாய்தளத்தின் கணக்கு. அப்படியானால் முப்பது அங்குல உயரத்துக்கு முப்பதடி வேண்டும். எட்டடியில் அதை அடக்கினால் அது சறுக்குமரம். அகலம் 1200 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கைப்பிடி இருபுறமும், 760இலும் 900இலும் இரண்டு உயரத்தில். இதையெல்லாம் அவள் டேப்பில் அங்குலமாக மாற்றிப் பார்த்தாள். அறுபது வயதை நெருங்கும் தையல்காரி ஒருத்தி வாசலில் டேப் பிடித்து நின்றதைப் பார்த்து, உள்ளே இருந்தவர்கள் ஜன்னலுக்கு வந்தார்கள்.

புகார் இப்போது செயலி வழியே. படம் எடுத்து ஏற்றினால் நொடியில் எண் வந்துவிடும். பழுப்பு உறையும் வட்ட முத்திரையும் இல்லை, கிழவியின் வரியைச் சேர்த்துக்கொள்ள இடமும் இல்லை, நான்கு பட்டியல்களில் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறோம் என்று நாமே தேடிக்கொள்ள வேண்டும். சாய்தளத்துக்குத் தலைப்பு இல்லாததால் 'இதர' என்பதில் போட்டோம். மூன்றாம் நாள் 'தங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி. வாசலில் எதுவும் மாறவில்லை. மனுவை 'பரிசீலனையில்' வைத்திருந்த காலத்தில் அது எங்கேயோ ஒரு கோப்புக் கட்டுக்குள் உயிரோடு இருக்கிறது என்றாவது நம்ப முடிந்தது. மூடப்பட்ட புகாரை எந்த மரத்தடியில் போய்த் தேடுவது? அக்கா மறுபடி அனுப்பினாள், இந்த முறை படத்தில் டேப்போடு: முப்பது என்ற எண் படிமேல், தொண்ணூற்றாறு என்ற எண் தரைமேல். அதே படங்களைக் காகிதத்தில் எடுத்து, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் பதிவுத்தபாலில். ஒப்புகை அட்டை திரும்பிவந்த அன்று அதைப் பிஸ்கட் டப்பாவில் போட்டபோது அவள் முகத்தில் நான் பழைய வேப்பமர நிழலைப் பார்த்தேன்.

காத்திருந்த மாதங்களில் சென்னை போயிருந்தோம். மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மணலின்மேல் 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டு 2022 நவம்பரில் திறந்தார்கள், அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது, பிறகு சரிசெய்தார்கள். ஐம்பத்தேழு வயதில் அலை அருகே போய்த் தன் கையாலேயே சக்கரத்தை நிறுத்திக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததை நான் தள்ளி நின்று பார்த்தேன். ஒருவர்கூட அவளைத் தொடவில்லை. ஒரு மணி நேரம் அவள் பேசவும் இல்லை.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதி செல்லாது என்றும், மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகள் செய்ய வேண்டும் என்றும் சொன்னது. அதற்கு முன்பே எங்கள் ஊருக்கு ஓர் இளம் பொறியாளர் மாறுதலாகி வந்திருந்தார். அக்காவின் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்கே வந்து, 'அம்மா, முப்பதடிக்கு நேரா இடமில்ல, நடுவுல திருப்பினா வருமா?' என்று கேட்டார். 'திருப்புங்க தம்பி. திரும்புற இடத்துல நாற்காலி சுத்த அஞ்சடிக்கு அஞ்சடி விடுங்க' என்றாள், மடிப்புக்குத் துணி விடச் சொல்கிற குரலில்.

வாசலின் வலப்பக்கம் அது இப்போது இருக்கிறது. சொரசொரப்பான தரை, இருபுறமும் கைப்பிடி, நடுவில் ஒரு திருப்பம். முதல் நாள் நான் கீழேயே நின்றேன். அவள் ஏறினாள், திருப்பத்தில் மூச்சு வாங்கிக்கொண்டாள், ஏறினாள். பின்னாலேயே தடியூன்றிய ஒரு முதியவரும், குழந்தை வண்டியோடு ஒரு பெண்ணும் ஏறிப் போனார்கள். கிழவி சொல்லிச் சேர்த்த வரி எனக்கு ஞாபகம் வந்தது.

அவள் இறங்கி வந்ததும் டீக்கடைப் பக்கம் திரும்பினேன். அவள் தெருவின் மறுகோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளை நூலகம், மூன்று படி, அதற்கு மேல் குறுகலான கதவு. கழுத்திலிருந்து டேப்பை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

'நுனிய நீ புடி' என்றாள். 'தொய்யக் கூடாது.'