அரைப்பேர் சாம்பியன்கள்

(டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டம், லயத்து வாசல். மருமகன் ஹட்டன் டவுனில் ஃபோன் கடை வைத்திருப்பவன். அத்தை கொழுந்து எடுத்து ஓய்ந்தவர்.)

மருமகன்: அத்தே, லைட்வெயிட்ல எந்தக் காலத்துக்கும் பெரிய பாக்ஸர் பத்துப் பேரு. லிஸ்ட்ட முடிச்சிட்டேன். நாளைக்குக் கிளப்புக்கு பேனர் அடிக்கணும்.

அத்தை: பத்துல எத்தன பேரு சண்டைய நீ பாத்த?

மருமகன்: ரெண்டு பேரோடத. மிச்சம் மத்த லிஸ்ட்டுகளப் பாத்துப் போட்டது.

அத்தை: மலைக்கே போகாம பேர் போடுற கணக்கப்புள்ள நம்ம தோட்டத்துலயும் ஒருத்தர் இருந்தாரு. சரி, வாசி.

மருமகன்: ஒன்னாவது ரொபேர்ட்டோ டுரான், பனாமாக்காரரு. 1972ல நியூயோர்க்ல கென் புக்கனன்கிட்ட பட்டத்த எடுத்தாரு. 12 தடவ காப்பாத்தினாரு. 1979ல அவரே விட்டாரு, யாரும் பறிக்கல.

அத்தை: அந்தப் புக்கனன் எப்பிடித் தோத்தாரு?

மருமகன்: அது வந்து... 13ஆவது ரவுண்டு மணி அடிச்ச பொறவு இடுப்புக்குக் கீழ ஒரு அடி.

அத்தை: மணி அடிச்ச பொறவா? அன்னிக்கு அரைப்பேர், அரைநாள் சம்பளந்தான்.

மருமகன்: என்னத்தே, அவரப் போயி...

அத்தை: மத்த 12 நாளுக்கும் முழுப்பேர் போடு. நான் யாரு வயித்துலயும் அடிக்கல. அடுத்தது?

மருமகன்: பென்னி லெனார்ட். 1917லேருந்து 1925 வரைக்கும் சாம்பியன். பட்டத்தோடயே ஓய்வு எடுத்துட்டாரு. 1929ல பங்குச்சந்தை விழுந்ததுல இருந்த காசு போச்சு, திரும்பவும் அடிவாங்க வந்தாரு. கடைசியில 1947ல நடுவரா நிக்கயில ரிங்குக்குள்ளயே உயிர் போச்சு.

அத்தை: பென்சனுக்குப் பொறவு கைகாசு வேல, வேல எடத்துலயே சாவு. இது நமக்குப் புதுசா? முழுப்பேர். வீட்டுக்காரங்களுக்கு ஏதாச்சும் குடுத்தாங்களா?

மருமகன்: அதெல்லாம் லிஸ்ட்ல வராது அத்தே. பேர்னல் விட்டேக்கர், 1984 ஒலிம்பிக் தங்கம். 1988ல பாரிஸ் பக்கத்துல ஜெயிச்ச சண்டைய ஜட்ஜுமாரு எதிராளிக்குக் குடுத்துட்டாங்க.

அத்தை: அந்த ஜட்ஜுமாருக்கு அரைப்பேர்.

மருமகன்: ஒன்பதாவது ஜோ கான்ஸ். ரொம்பப் பழைய ஆளு, சும்மா ஒரு மரியாதைக்கு.

அத்தை: அந்த மனுசன் என்ன பண்ணாரு, அதச் சொல்லு.

(மருமகன் ஃபோனைப் பார்க்கிறான். பார்த்தால் ஞானம் வந்துவிடும் என்று நம்புகிற தலைமுறை.)

மருமகன்: கறுப்பரு. 1902ல சாம்பியன் ஆனாரு. 1906ல நெவாடாவுல கோல்ட்ஃபீல்ட்னு ஒரு தங்கச் சுரங்க ஊரு, அங்க பட்லிங் நெல்சனோட சண்டை. லைட்வெயிட்டுன்னா இப்ப 135 ராத்தல், 61.2 கிலோ. அன்னிக்கு 133. சண்டைக்குப் போறப்போ, போட்ட சப்பாத்தோட ஏறி நின்னு 133க்குள்ள காட்டணும்னு நெல்சன் பக்கம் புடிவாதம். கான்ஸ் பட்டினி கெடந்து நின்னாரு. 42 ரவுண்டு. நெல்சன் கீழ அடிச்சதால கான்ஸ் ஜெயிச்சாரு.

அத்தை: காசு?

மருமகன்: சண்டைக்கு முன்னாலயே பேசினது. கான்ஸுக்கு, நெல்சனுக்குக் குடுத்ததுல பாதிகூட இல்ல.

அத்தை: யாரு சாம்பியன்?

மருமகன்: கான்ஸ்தான்.

அத்தை: அடப்பாவிகளா! மழையில நனைஞ்ச கொழுந்துன்னு மூணு கிலோ வெட்டுவான், சாக்குக்கு ஒரு கிலோ வெட்டுவான். பாரம் கூடுனா நமக்கு லாபம்னா சாக்கக் கழிப்பான், கூடுனா நமக்கு நட்டம்னா சப்பாத்தையும் சேத்து நிறுப்பான். 18 கிலோவுக்கு ஒரு கிலோ கொறைஞ்சா அரைநாள் சம்பளம். தோள்ல கயிறு அறுத்த தழும்போட எத்தன நாளு அரைப்பேர் வாங்கிட்டு வந்திருக்கேன், தெரியுமா? அந்த மனுசன் எத்தன வயசுல செத்தாரு?

மருமகன்: 1910ல, காசநோய். 35 வயசு.

அத்தை: ஒன்பதாவதாம்! மரியாதைக்காம்! தராசுல நிக்கிறவனுக்கு நம்பர் போடத் தெரியுது. தராசப் புடிச்சவன் யாருன்னு கேக்க ஒருத்தனுக்கு வாய் வரல.

மருமகன்: கோவிக்காதீங்க அத்தே. இப்பல்லாம் ஒழுங்கு. நாலு உலக சங்கம் இருக்கு, ஆளுக்கொரு பெல்ட்.

அத்தை: ஒரே எடைக்கு நாலு சாம்பியனா? சங்கத்துக்குச் சந்தா?

மருமகன்: சண்டைக் காசுல ஒரு பங்கு வெட்டிக்குவாங்க.

அத்தை: அதான பாத்தேன். நாலுக்கும் அரைப்பேர். பத்தாவது யாரு?

மருமகன்: நம்ம நாட்டுக்காரர் ஒருத்தரச் சேக்கச் சொல்லிக் கிளப்புத் தலைவர் சொல்லிட்டாரு. பார்னி ஹென்ரிகஸ், 1938 சிட்னி எம்பயர் விளையாட்டுல தங்கம். சிலோன் அதுல கலந்துக்கிட்ட மொத தடவயே.

அத்தை: நல்ல ஆளுதான். லைட்வெயிட்டா?

மருமகன்: ஃபெதர்வெயிட். கொஞ்சம் கொறைவு.

அத்தை: தலைவரு சொன்னா எட கூடிருமா? அவருக்குத் தனி பேனர் வையி. இந்தப் பேனர்ல பத்துப் பேரும் வருவாங்களா?

மருமகன்: அதான் சிக்கல். தலைவர் படம் முக்கால்வாசி. மிச்ச எடத்துல நாலு பேருதான் புடிக்கும்.

அத்தை: அப்ப மொதல்ல தலைவரச் சப்பாத்தோட தராசுல ஏறச் சொல்லு. 135 ராத்தலுக்குள்ள வந்தாருன்னா படத்தப் போடு.