மரியாதைக்கு ஏழு எழுத்து

கேள்வி: பாப் பாட்டில் வீரம் எங்கே இருக்கிறது? சொல்லிலா, மெட்டிலா, பாடகியின் தொண்டையிலா?

பதில்: பெரும்பாலும் இலக்கணத்தில். பள்ளியில் தூக்கம் வரவழைத்த அதே இலக்கணம்தான். ஓட்டிஸ் ரெடிங் 1965இல் எழுதிப் பாடிய ‘ரெஸ்பெக்ட்’ பாட்டில் பேசுபவன் ஆண். உழைத்துக் களைத்து வீடு திரும்புபவன், வீட்டிலிருப்பவளிடம் கொஞ்சம் மரியாதை கேட்கிறான். 1967இல் அதே பாட்டை அரீதா ஃபிராங்க்ளின் பெண்ணின் பேச்சாக மாற்றிப் பாடினார். ஆள் மாறியதும் கோரிக்கையின் எடையே மாறிவிட்டது. வீடு திரும்பும் ஆணுக்கு மரியாதை என்றால் அது வழக்கம். பெண் கேட்டால் அது வழக்கு.

ஃபிராங்க்ளின் அதோடு நிற்கவில்லை. மூலத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்தார்: மரியாதை என்ற ஆங்கிலச் சொல்லின் ஏழு எழுத்தையும் ஒவ்வொன்றாக உச்சரித்தல். எழுத்துக்கூட்டிச் சொல்வது சின்னப் பிள்ளைக்குப் பாடம் நடத்தும் முறை. எதிரே நிற்கும் வளர்ந்த மனிதனுக்கு அந்தச் சொல்லே தெரியாது என்பதுதான் அதன் உள்ளுறை. வசைச்சொல் ஒன்றுகூட இல்லாத வசை. (தமிழில் ‘மரியாதை’ நாலே எழுத்தில் முடிந்துவிடும்; திட்ட நேரம் போதாது.) பின்னணியில் சகோதரிகள் எர்மாவும் கரோலினும் சேர்ந்துகொள்ள, ஒருத்தியின் புகார் வீட்டுப் பெண்கள் எல்லாரும் கூடி நிறைவேற்றிய தீர்மானமாகிவிடுகிறது. ஒரு பெண் தன் பாட்டைப் பறித்துக்கொண்டுபோய்விட்டாள் என்று அந்த ஆண்டு மான்டரே விழா மேடையில் ரெடிங் வேடிக்கையாகச் சொன்னார். பாட்டுதான் போனது, காசு போகவில்லை. அமெரிக்க வானொலியில் பாட்டு ஒலித்தால் எழுதியவருக்குத்தான் உரிமைத்தொகை. பாடியவருக்கு ஒன்றும் கிடையாது.

கேள்வி: ‘மாட்டேன்’, ‘கூடாது’ என்றே பாடிக்கொண்டிருந்தால் கேட்பவருக்குச் சலிப்பு வராதா?

பதில்: எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரு ‘கூடாது’ வேண்டுகோள். அடிக்கு ஒன்றாக வந்தால் சட்டம். 1963இல் வெளிவந்த ‘யூ டோன்ட் ஓன் மீ’ தலைப்பிலேயே மறுப்பை வைத்திருக்கிறது. அடிகளின் தொடக்கத்தில் தடைச்சொல் மறுபடி மறுபடி வந்து விழுகிறது. பாடிய லெஸ்லி கோருக்கு அப்போது வயது 17. எழுதிய ஜான் மடாராவும் டேவிட் ஒயிட்டும் ஆண்கள் என்பது தனிச் சுவை. மெட்டும் கைகொடுக்கிறது: மைனர் சுரவரிசையில் தயங்கித் தொடங்கும் பாட்டு, மேஜருக்குத் தாவி நிமிர்ந்துவிடும். அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறியது. முதலிடத்தை விடாமல் பிடித்திருந்தது பீட்டில்ஸின் ‘ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்’. தன்னை யாரும் சொத்தாக எழுதிக்கொள்ள முடியாது என்றவளை, கையைப் பிடித்துக்கொள்ளத்தான் ஆசை என்ற நாலு பையன்கள் மேலே போகவிடவில்லை.

கேள்வி: தைரியப் பாட்டு என்று போட்டால் தொடக்கமே பயமும் நடுக்கமுமாக இருக்கிறதே?

பதில்: குளோரியா கேனரின் ‘ஐ வில் சர்வைவ்’ (1978) பற்றிய சந்தேகமாக இருக்கவேண்டும். பயம் அங்கே இறந்தகால வினையில் இருப்பதைக் கவனிக்கவேண்டும். பயந்ததாகச் சொல்கிறவள் இப்போது பயப்படவில்லை என்பது சொல்லாமலே விளங்கும். இறந்தகாலத்தில் கிளம்பிய பாட்டு எதிர்காலத்தில் போய் இறங்குகிறது. முதல் அடியிலேயே வெற்றியை அறிவித்திருந்தால் அது வெறும் தம்பட்டம்.

இசையில் இன்னொரு நுட்பம். பல்லவிக்கு ஒன்று, சரணத்துக்கு ஒன்று என்று இல்லாமல், எட்டு சுரக்கூட்டுகள் (கார்டுகள்) கொண்ட ஒரே சுற்று முதலிலிருந்து கடைசிவரை சுழல்கிறது. நிலைமை துளியும் மாறவில்லை. அதில் நிற்பவள்தான் மாறிக்கொண்டே வருகிறாள். இசைத்தட்டின் பின்பக்கத்தில் ஒப்புக்கு வந்த இந்தப் பாட்டு 1979இல் முதலிடம் பிடித்தது. எழுதிய இருவரில் ஒருவரான டினோ ஃபெகாரிஸ் அதற்கு முன் ஓர் இசை நிறுவனத்தில் வேலையை இழந்தவர். காதலன் கைவிட்ட சோகம் என்று ஊர் நம்பும் பாட்டுக்கு விதை, சம்பளம் நின்ற சோகம்.

கேள்வி: ஏன் எப்போதும் சிங்கம், புலி? ஆடு, மாட்டுக்கெல்லாம் தன்னம்பிக்கை இல்லையா?

பதில்: இருக்கலாம், கர்ஜிக்க வராது. ஹெலன் ரெட்டியின் ‘ஐ ஆம் வுமன்’ (1972) பாட்டில் கர்ஜனை உண்டு; கேட்டி பெர்ரிக்கு 2013இல் அதுவே தலைப்பானது, ‘ரோர்’. உவமையில் ‘போல’ என்ற உருபு ஒரு வேலி. புலி அந்தப் பக்கம், பெண் இந்தப் பக்கம். உருவகம் வேலியைப் பிடுங்கிவிடும். ‘ரோர்’ பாட்டின் உருவகங்கள் பலர் கைபட்டுத் தேய்ந்தவை. ஆனால் ஆயிரம் பேர் சேர்ந்து பாட, முதல் தடவையே புரியும் தேய்ந்த காசுதான் தோது. உருவகமாகப் பார்த்தால் உயர்ந்தது டேவிட் கெட்டாவின் இசையில் சியா பாடிய ‘டைட்டானியம்’ (2011). உலோகம் யார்மேலும் பாயாது. விழும் அடியைத் தாங்கும், அவ்வளவுதான்.

தமிழில், பெண்கள் கால்பந்து பற்றிய ‘பிகில்’ (2019) படத்துக்கு விவேக் எழுதிய ‘சிங்கப்பெண்ணே’, பெண்ணையும் சிங்கத்தையும் ஒரே தொகையாக்கி விளியில் நிறுத்துகிறது. கம்பீரமான விளிதான். ஆனால் பாட்டு முன்னிலையில் நடக்கிறது: அவளைப் பார்த்துச் சொல்லப்படுகிறது, அவள் சொல்வதாக இல்லை. பந்தை உதைப்பதற்கும் விசில் அடிப்பதற்கும் உள்ள தூரம் அது.

கேள்வி: குயீன் குழுவின் ‘வி ஆர் த சாம்பியன்ஸ்’ பாட்டைத் தமிழாக்க முடியுமா?

பதில்: முதல் சொல்லிலேயே வண்டி நின்றுவிடும். நாமா, நாங்களா? ‘நாங்கள்’ என்றால் வெற்றி மேடையில் இருக்கும் நால்வருக்கு. ‘நாம்’ என்றால் கடைசி வரிசை டிக்கெட்காரருக்கும் பங்கு உண்டு. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் ஒளித்துவைத்திருப்பது ஃப்ரெடி மெர்குரிக்கு (1977) வசதியாயிற்று. சரணத்தில் ‘நான்’ பட்ட பாட்டைச் சொல்லிப் பல்லவியில் பன்மைக்கு மாறும்போது அரங்கமே உள்ளே வந்துவிடுகிறது. தோற்ற அணியை மட்டும் பாட்டு சேர்த்துக்கொள்வதில்லை. மைதானத்தில் பாதிப் பேருக்கு அது ‘நாங்கள்’தான்.

கேள்வி: கர்ஜிக்காமல் உரிமை கேட்கும் பாட்டு உண்டா?

பதில்: பாடகர்கள் தீயும் அறிவும் பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ (2021). அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். பாட்டின் பெரிய கருவி அடுக்கு: முன்னோர் விட்டுச்சென்ற காடு, மேடு, உயிர்கள் என்று பெயர் பெயராக வருகிறது. பட்டா இல்லாதவர் வாசிக்கும் சொத்துப் பட்டியல் அது. இடையில் ஒப்பாரியின் இழுவையும் உண்டு. சாவு வீட்டில் பெண்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல் பேசும் வடிவம். தலைப்புக்குள் இருக்கும் ‘என் சாமி’யோ இரண்டு வாசல் உள்ள சொல். நிலமில்லாதவர் கைகட்டி நின்று ஆண்டையைக் கூப்பிட்டதும் ‘சாமி’. பாட்டி மடியில் போட்டுப் பேரனைக் கொஞ்சுவதும் ‘சாமி’. ஆண்டையிடம் இருந்த சொல்லைப் பாட்டு நைசாக வாங்கிப் பேரன் கையில் கொடுத்துவிடுகிறது.