ஐந்து நட்சத்திரம் வேண்டாம், ஒரு கழுவிய டம்ளர் போதும்

இங்கிலாந்தில் ‘குட் பீர் கைடு’ என்றொரு புத்தகம் 1974 முதல் வந்துகொண்டிருக்கிறது. குடிக்கிறவர்களே ஊர் ஊராகப் போய், எந்தக் கடையில் பீர் நன்றாக இருக்கிறது, எங்கே நிம்மதியாக உட்காரலாம் என்று எழுதித் தள்ளுகிறார்கள். அதே 1974இல்தான் நம் அரசு, மூன்று வருடம் முன்னால் தானே திறந்துவிட்ட சாராயக்கடையை இழுத்து மூடியது. அவன் புத்தகம் போட்டான். நாம் பூட்டுப் போட்டோம். பிறகு திறந்தோம். மறுபடி பூட்டினோம். மறுபடி திறந்தோம். கடைசியில் பூட்டு, சாவி, கடை, கல்லா எல்லாவற்றையும் அரசே எடுத்துக்கொண்டது.

தூத்துக்குடி மில்லர்புரத்துக்கும் அப்படியொரு கைடு எழுதலாம் என்று யாராவது கிளம்பினால் முதல் பக்கத்திலேயே பேனா நின்றுவிடும். ஒப்பிட்டு எழுத இரண்டு முதலாளியாவது வேண்டும். இங்கே கடை எத்தனை இருந்தாலும் முதலாளி ஒருவர்தான். 2003 நவம்பரிலிருந்து சில்லறைக் கடை வைத்து மது விற்கும் உரிமை டாஸ்மாக்குக்கு மட்டுமே. பாளையங்கோட்டை ரோட்டில் வாங்கினாலும் சரி, கோவில்பட்டியில் வாங்கினாலும் சரி, அதே போர்டு, அதே கம்பி வலை, கை மட்டும் நுழையும் அதே ஓட்டை.

இருந்தாலும் எழுதிப் பார்ப்போம். நட்சத்திரம் கொடுக்காமல் விடுவதில்லை.

முதலில் வரவேற்பு. “அண்ணாச்சி, என்ன சரக்கு இருக்கு?” “நூத்திநாப்பதுதான் இருக்கு. வேணுமா, வேண்டாமா?” மெனு கார்டு முடிந்தது. பெயர் சொல்லிக் கேட்பவனைப் பின்னால் நிற்கிறவர்கள் முறைப்பார்கள். தமிழ்நாட்டுக் குடிமகனுக்கு விலை தெரிந்தால் போதும், பெயர் எதற்கு? லேபிளில் பிராந்தி என்று போட்டிருக்கும். திராட்சைக்கும் அதற்கும் பெரும்பாலும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சர்க்கரை ஆலை மொலாசஸில் காய்ச்சிய சாராயம். நிறமும் மணமும் ஏற்றியது.

அடுத்து பில். அச்சிட்ட விலைக்கு மேல் பத்து ரூபாய். ஏன் என்று கேட்டால் கரண்ட் பில், இறக்குக்கூலி, உடைந்த பாட்டில் என்று உள்ளே இருப்பவர் ஒரு கணக்குச் சொல்வார். அதை முழுப் பொய் என்று தள்ளவும் முடியாது. 2003இல் வேலைக்கு எடுத்த பட்டதாரியை இன்னும் தொகுப்பூதியத்தில் வைத்திருக்கிற நிர்வாகம் அது. மாநிலத்தின் கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்கே நிரந்தர வேலை கிடையாது. 2025 மார்ச்சில் டாஸ்மாக் தலைமை அலுவலகத்துக்குள் அமலாக்கத் துறை நுழைந்தது. மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த விசாரணைக்குத் தடை போட்டது. டெல்லிக்கும் சென்னைக்கும் நடக்கிற சண்டையில் நம் பத்து ரூபாய் மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

இதில் இன்னொரு பத்து ரூபாயும் உண்டு. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பும் என்ற திட்டம், 2022இல் நீலகிரியில் தொடங்கியது. ஆக, பத்து ரூபாயில் இரண்டு ஜாதி. ஒன்று சட்டப்படி வாங்குவது, திரும்பி வரும். மற்றது சட்டத்தில் இல்லாதது, திரும்பி வராது. எது நிலைத்து நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, கடையை ஒட்டியிருக்கும் பார். சட்டத்தின் கண்ணுக்கு அந்த பார் எதற்காக இருக்கிறது தெரியுமா? தின்பண்டம் விற்கவும், காலி பாட்டில் சேகரிக்கவும். டெண்டர் அதற்குத்தான் விடுகிறார்கள். நடுவில் மது எப்படியோ தற்செயலாக வந்து சேர்ந்துவிடுகிறது. பகல் 12 மணிக்குத்தான் கடை திறக்கும். அதற்கு முன்னால் கேட்டால், தின்பண்டம் விற்கிறவரிடமே அதுவும் கிடைக்கும், கூடுதல் விலைக்கு. அதுவும் தற்செயல்தான்.

தகரக் கூரை. கால் விரிந்த பிளாஸ்டிக் நாற்காலி. மேசையில் முந்தின ஆள் பிதுக்கிப் போட்ட ஊறுகாய் பாக்கெட். சீலாவும் விளமீனும் துடிக்கத் துடிக்க ஏலம் போகிற ஊர் இது. பாரில் தட்டுக்கு வருவது என்ன மீன், என்றைக்குச் செத்தது என்று கேட்கக் கூடாது. மேலே தூவிய சிவப்புப் பொடி கேட்க விடாது. தண்ணீர் பாக்கெட்டும் பிளாஸ்டிக் டம்ளரும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. கேரி பேக் வைத்திருந்தால் பெட்டிக்கடைப் பாட்டிக்கு அபராதம் விழும். அரசுக் கடையின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாரிலோ மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். தடை போட்டவரும் கடை நடத்துகிறவரும் ஒருவரே என்றால் யார் யாருக்கு அபராதம் போடுவது?

கழிப்பறையை விட்டுவிடலாம் என்றால் மூக்கு விடமாட்டேன் என்கிறது. மூச்சடக்கிக் கடலில் இறங்கி முத்தெடுத்த ஊர் இது. 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை, அந்தத் திறமை அழிந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் வருந்துகிறார்கள். வருந்தவே வேண்டாம். பார் கழிப்பறைக்குள் அன்றாடம் பயிற்சி நடக்கிறது.

நட்சத்திரமா? கூரைத் தகரத்தில் ஓட்டை இருக்கிறது. ராத்திரி அண்ணாந்து பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் அலட்சியம் என்று நினைத்தால் நாம் ஏமாளிகள். இதுதான் கொள்கை. கடையைச் சுத்தமாக வைத்தால் அரசு குடியை வளர்க்கிறது என்று பெயர் வரும். நாறவிட்டால் குடிக்கிறவன் கேடுகெட்டவன் என்று பெயர் வரும். இரண்டாவது செலவில்லாதது. குடிக்கிறவனுக்கு வெட்கம் இருக்கிற வரைக்கும் அவன் பில் கேட்க மாட்டான், டம்ளர் கேட்க மாட்டான், புகார் எழுத மாட்டான். உலகத்தில் எந்த வியாபாரிக்கும் இப்படியொரு வாடிக்கையாளர் வாய்த்ததில்லை.

வாங்குகிறவனுக்கு இருக்கிற வெட்கம் விற்கிறவருக்கு இல்லை. விற்பனையைக் கவனிக்கும் துறையின் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. விற்பனை நடப்பது 1937ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டத்தின் கீழ். காந்தி ஜெயந்திக்கும் வள்ளுவர் தினத்துக்கும் வள்ளலார் தினத்துக்கும் கடை அடைப்பு. முந்தின நாள் சாயங்காலம் கடை வாசலில் நிற்கிற வரிசையைப் பார்த்தால் வள்ளலார் மீது இந்த ஊருக்கு எவ்வளவு பக்தி என்று புரியும். பள்ளிக்கூடத்துக்கும் கோவிலுக்கும் கடை தள்ளி இருக்க வேண்டிய தூரம் மாநகராட்சியில் 50 மீட்டர், கிராமத்தில் 100 மீட்டர். தூத்துக்குடி 2008இல் மாநகராட்சி ஆனது. மாநகராட்சிப் பிள்ளைகளுக்கு மன உறுதி இரண்டு மடங்கு என்று அரசு கண்டுபிடித்திருக்கிறது.

ஒழுக்கம் நமக்கு ஐந்நூறு ஐந்நூறாகத்தான் வரும். 2016இல் ஜெயலலிதா 500 கடை மூடினார். 2017இல் எடப்பாடி பழனிசாமி 500 கடை மூடினார். 2023இல் ஸ்டாலின் ஆட்சியில் 500 கடை மூடினார்கள். மூடிய கடைகள் இத்தனை. வருமானமோ 2003-04இல் 3,639 கோடி, 2024-25இல் 48,344 கோடி. மூட மூட வளர்கிற வியாபாரத்தை வணிகவியல் மாணவர்கள் இங்கே வந்து படிக்கலாம். கடை போன இடத்தில் மனமகிழ் மன்றம் வருகிறது. உறுப்பினர்களுக்கு மட்டும் என்று போர்டு. வாசலைத் தாண்டியவன் எல்லாம் உறுப்பினன்.

கடையை மூடினால் கள்ளச்சாராயம் ஓடும் என்பது எல்லா ஆட்சிக்கும் மனப்பாடமான பதில். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். அன்றைக்கு டாஸ்மாக் திறந்துதான் இருந்தது. நூற்றிநாற்பது ரூபாய் இல்லாதவனுக்கு அது மூடிய கடைதான்.

இதே மாவட்டத்தில் பனை நிற்கிறது. மாநில மரம். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதே பாளையில் கள் இறக்கினால் 1987 முதல் குற்றம். 2025 ஜூனில் பெரியதாழையில் சீமான் பனையேறி இறக்கிக் காட்டினார். அது அரசியல், போகட்டும். மரத்திலிருந்து இறக்கினால் குற்றம், லாரியிலிருந்து இறக்கினால் வருவாய் என்பதற்கு இதுவரை எந்த அமைச்சராவது வாயில் நுழைகிற விளக்கம் சொல்லியிருக்கிறாரா?

கடைசியாகக் கணக்கு. விடியும் முன்னே உப்பளத்தில் இறங்கி, கால் வெடிக்க உப்பு வாருகிறவர்கள் இந்த ஊரில் உண்டு. மழைக்காலத்தில் பாத்தி மூழ்கி வேலை நிற்கும்போது அந்தக் குடும்பத்துக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. 2023 செப்டம்பர் முதல் வீட்டுப் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் குவாட்டர் 140, மேலே அந்தப் பத்து. ஏழு குவாட்டருக்கு 1,050 ரூபாய். மனைவிக்கு ஒரு மாதத்துக்குக் கொடுத்ததைப் புருஷனிடமிருந்து ஒரே வாரத்தில் திரும்ப வாங்கிக்கொண்டு, மேலே 50 ரூபாயும் எடுத்துக்கொள்கிறார்கள். கொடுத்ததற்கு விழா உண்டு, மேடை உண்டு, முதல்வர் படம் உண்டு. வாங்குகிற இடத்தில் யார் படமும் இல்லை. ஏன் இல்லை? முதலாளி படம் மாட்டாத கடை ஊரில் வேறு எது?

விற்பதென்றால் வியாபாரியாக விற்கட்டும்: பில், கழுவிய டம்ளர், கதவுள்ள கழிப்பறை, ஊழியருக்குச் சம்பளம். மூடுவதென்றால் மூடட்டும். ஒரு கையில் கல்லாச் சாவி, மறு கையில் காந்தி படம் என்று நிற்பதை மட்டும் நிறுத்தட்டும்.

மதுவிலக்குக்குப் பொறுப்பான அமைச்சருக்கு, எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், மில்லர்புரத்தின் அழைப்பு இது. ஒரு மணி நேரம் பாரில் உட்காருங்கள். குடிக்க வேண்டாம். தண்ணீர் மட்டும் போதும், அதே டம்ளரில். ஒரு தடவை உள்ளே போய்க் கழிப்பறையையும் பார்த்துவிடுங்கள். பிறகு சட்டமன்றத்துக்குப் போய் மதுவிலக்குத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை வாந்தி எடுக்காமல் வாசித்து முடியுங்கள். ஐந்து நட்சத்திரத்தையும் உங்களுக்கே கொடுத்துவிடுகிறோம்.