உறைந்த வண்ணக் குப்பிகளின் புத்துயிர்ப்பு: ஒரு கம்பைநல்லூர் ஆய்வு

ஆய்வுக்களம்: கம்பைநல்லூரில் எங்கள் வீட்டு டிவி அலமாரியின் கீழ்த்தட்டு. தரவு: ரவிக்கையில் மயில் வரையச் சித்தி வாங்கிய 15 மி.லி. ஃபேப்ரிக் பெயின்ட் குப்பிகள் 11. மயிலின் கழுத்தோடு பணி நின்றது. பிறகு இரண்டு கோடை கடந்தன.

“தண்ணி ஊத்திக் குலுக்கு, சரியாப் போயிரும்” என்பது அம்மாவின் கொள்கை. இது வாட்டர் கலர் மரபினரின் பிழை. வாட்டர் கலரைப் பிடித்து வைத்திருப்பது மரப்பிசின்; எத்தனை வருடம் காய்ந்தாலும் ஈரத் தூரிகை பட்டதும் எழுந்து உட்காரும். ஃபேப்ரிக் பெயின்ட் அக்ரிலிக் வகை; அதிலோ பிளாஸ்டிக் நுண்துளிகள் நீரில் மிதக்கின்றன. நீர் போனதும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே படலமாகிவிடும். பிறகு எந்தத் தண்ணீருக்கும் பிரியாது. (ரவிக்கையைத் துவைத்தாலும் மயில் அழியாதது இதனால்தான். ஒரே குணத்தை ரவிக்கையில் மெச்சி, குப்பியில் வைவது முறையன்று.) 1901இல் ஜெர்மனியின் ஓட்டோ ரோம் அக்ரிலிக் சேர்மங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். நான் பெற்றது பாயைக் கறையாக்கியதற்கான திட்டு.

வைத்திய நூல் முறைப்படி நோய் மூவகை.

சாத்தியம்: மூக்கடைப்பு. நுனி மட்டும் உறைந்தது. ஊக்கு போதும்.

கஷ்ட சாத்தியம்: களி. இறுகியும் முழுக்க உறையாதது. இதற்கு எந்த நீர்? தர்மபுரி மாவட்ட நிலத்தடி நீரின் ஃபுளோரைடுக்குப் பயந்துதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பல்லைக் கறையாக்கும் தண்ணீரிடம் மயிலை ஒப்படைக்க மனம் வரவில்லை. இன்வெர்ட்டருக்கு வைத்திருந்த பேட்டரித் தண்ணியைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஓர் இரவு ஊறவைத்து, ஈர்க்குச்சியைத் துடுப்பாக்கிக் கிண்டினேன். ராகிக் களி கிண்டிய கைக்கு இது புதிதல்ல. சைக்கிள் கடை பால்ரஸ் குண்டு இரண்டு போட்டுக் குலுக்கினால் கட்டி உடைகிறது. எடுக்க மறந்தால் துருப்பிடிக்கிறது. வெள்ளைக் குப்பி சந்நியாசம் வாங்கிக் காவியாகிவிட்டது.

அசாத்தியம்: கோலிக்குண்டு. குலுக்கினால் ‘டொக்’ என்னும். 2020இல் வாங்கிக் குவித்த சானிடைசரில் ஊறப்போட்டேன். ஆல்கஹால் காய்ந்த அக்ரிலிக்கை இளக்கும். திரும்பவும் பெயின்ட் ஆக்காது. கிடைத்தது சூயிங்கம்.

முடிவு: மூக்கடைப்பு நான்கும் களி ஐந்தும் பிழைத்தன. கோலிக்குண்டு இரண்டு. மூடியைத் திறந்து போட்டது யார் என்ற கிளை ஆய்வைக் குடும்ப அமைதி கருதிக் கைவிட்டேன்.

அந்த இரண்டும் பச்சையும் நீலமும். தோகை காவியில்தான் வரும் என்று சித்தியிடம் இன்னும் சொல்லவில்லை.